மெசூசா தாயத்தா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் யூதர் வீட்டு வாசல்களைப் பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டு நிலைக்காலில் யூதர்கள் மாட்டும், வேத வசனம் எழுதிய மெசூசாவை ‘யூதர்களின் தாயத்து’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்களே!

12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடஸ் இதற்காகத் தம் மக்களையே கடிந்துகொண்டவர். காவலுக்கு இருக்கட்டும் என்று தோற்சுருளுக்குள் தேவதூதர்களின் பெயர்களையும் சேர்த்து எழுதியவர்களுக்கு மறுமையில் பங்கில்லை என்றார். கடவுள் ஒருவரே, அவரிடம் அன்பு செலுத்து என்ற கட்டளையைச் சொந்த நன்மைக்கான தாயத்தாக்கிவிட்டார்கள் என்பது அவருடைய கோபம். சரி, சுருளின் பின்புறம் எழுதும் ‘ஷத்தாய்’ என்ற இறைப்பெயருக்கு ‘இஸ்ரவேலின் கதவுகளைக் காப்பவர்’ என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. காவல் என்ற எண்ணமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது மட்டுமே அல்ல.

படத்தில் இருந்த வெள்ளிப் பெட்டியும் மெசூசா ஆகாது. அது வெறும் உறை. உள்ளே இருக்கும் தோற்சுருள்தான் மெசூசா. வேதாகமத்தில் உபாகமம் என்ற நூலின் 6, 11 ஆகிய அதிகாரங்களின் இரண்டு பகுதிகள், எபிரேயத்தில் 713 எழுத்துகள். பயிற்சி பெற்ற எழுத்தர் கையால், வரிசை மாறாமல் எழுத வேண்டும். நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போனால் பிறகு வந்து இடைச்செருக முடியாது. அச்சடித்த தாள் செல்லாது. வீட்டில் மாட்டியதை ஏழு ஆண்டுக்கு இருமுறை எடுத்து, எழுத்து அழிந்திருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும்.

மெசூசா என்ற சொல்லுக்கே நிலைக்கால் என்றுதான் பொருள். தமிழ் வேதாகமத்திலும் ‘வீட்டு நிலைகளில்’ எழுதச் சொல்லும் வசனம் இருக்கிறது. நம் தச்சர்களின் அதே ‘நிலை’!

அப்புறம், அது சாய்ந்திருப்பது ஆணி கழன்றதால் அல்ல. நேராக நிற்க வேண்டும் என்றார் பிரான்சு நாட்டு அறிஞர் ராஷி. படுக்கைவாட்டில் இருக்க வேண்டும் என்றார் அவருடைய பேரன் ரபேனு தாம். தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவில் அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த) யூதர்கள் சாய்த்து வைத்துவிட்டார்கள். ஸ்பெயின் வழிவந்த யூதர்கள் இன்றும் நேராகவே வைக்கிறார்கள்.

வாடகை வீட்டிலும் இதை மாட்டுவது குடியிருப்பவரின் கடமை, வீட்டுக்காரருடையது அல்ல. காலி செய்யும்போது, அடுத்து வருபவரும் யூதர் என்றால் கழற்றக் கூடாது. போலந்தில் கிராக்கோவ் நகரில் முன்பு யூதர்கள் வாழ்ந்த கசிமியெஷ் பகுதியில், அடுத்துக் குடிவர யூதர்களே இல்லாமல் போன பழைய வீடுகள் உண்டு. அங்கே சில நிலைக்கால்களில், பலமுறை பூசிய பெயின்ட்டுக்கு அடியில், மெசூசாவுக்காகச் சாய்வாக வெட்டிய பள்ளம் இன்னும் தெரிகிறது.

அன்புடன்,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை