வீராணத்துக்கு மேலே இருக்கும் உள்ளாட்சிகளுக்கு, கீழ்க்கரையிலிருந்து ஒரு மடல்

வடவாற்றங்கரையிலும் வீராணம் ஏரியின் மேல்கரையிலும் இருக்கிற ஊராட்சி, பேரூராட்சி நிர்வாகங்களுக்கும், செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் இறங்கி வருகிற அரியலூர் மாவட்டப் பக்கத்து உள்ளாட்சிகளுக்கும் வணக்கம்.

நான் கீழ்க்கரை ஆயக்கட்டு விவசாயி. மதகு திறந்தால்தான் எனக்குச் சம்பா. உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) ஏரிக்குள் போகாமல் தடுக்க இந்த ஆண்டு எவ்வளவு செலவழித்தீர்கள், அந்தச் செலவில் எத்தனை கிலோ தடுத்தீர்கள் என்று வருடத்துக்கு ஒரு பக்கம் எழுதி மக்கள் முன்னால் வையுங்கள்.

ஏரி நீர்வளத் துறையுடையது, எங்களை ஏன் கேட்கிறீர்கள் என்பீர்கள். சரி, கரையும் மதகும் அவர்கள் பாடு. தெருச் சாக்கடையும் கழிப்பறைத் தொட்டியும் குப்பை மேடும் யார் பாடு?

எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். ஒரு மூட்டை டிஏபி உரம் 50 கிலோ. அதில் இருக்கிற சுத்தமான பாஸ்பரஸ் சுமார் 10 கிலோ. ஒரு மனிதனின் மலம், சிறுநீரில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் பாஸ்பரஸ் வெளியே போகிறது. அப்படியென்றால் பத்தாயிரம் பேர் வாழும் ஊர், தினமும் ஒரு மூட்டை டிஏபியைக் கழிவாக வெளியே தள்ளுகிறது. 1,350 ரூபாய் போட்டு, அதுவும் சீசன் நேரத்தில் வரிசையில் நின்று நாங்கள் வாங்கி வருகிற அதே சரக்கு.

இப்போது ஏரியைப் பாருங்கள். வீராணம் நிரம்பினால் 1,465 மில்லியன் கன அடி. லிட்டருக்கு சுமார் 0.03 மில்லிகிராம் பாஸ்பரஸைத் தாண்டினாலே ஏரித் தண்ணீரில் பாசி தழைக்க ஆரம்பித்துவிடும் என்பார்கள். முழு ஏரியையும் அந்த அளவுக்குக் கொண்டுபோக எத்தனை மூட்டை வேண்டும் என்று போட்டுப் பார்த்தேன். 125 மூட்டைகூட வரவில்லை. என் தெரு விவசாயிகள் சேர்ந்தால் ஒரு போகத்துக்கு வாங்குகிற அளவு! கழிவு முழுக்க ஏரிக்குப் போய்விடாது, மண் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், தண்ணீரும் மாறிக்கொண்டே இருக்கும், தெரியும். ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தத் தொட்டிக் கழிவு எங்கே போகிறது? மூன்று வருடம் முன்பு என் வீட்டுத் தொட்டியை எடுக்க ஒரு லாரி வந்தது. எங்கே கொட்டுவீர்கள் என்றேன். "அதெல்லாம் பாத்துக்கலாம்ணே" என்றார் ஓட்டுநர். பணத்தைக் கொடுத்தேன். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. ஆகவே இந்த மடலை யோக்கியன் எழுதுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இதே சத்தைத் தின்று தழைக்கிற ஆகாயத்தாமரையை அள்ளுவதற்கு எல்லா ஊரிலும் பில் போடுகிறார்கள். அள்ளியதைக் கரையிலேயே குவித்தால் அது அழுகி, சத்தெல்லாம் அடுத்த மழையில் ஏரிக்கே திரும்புகிறது. மறு வருடம் மறுபடி பில். உங்கள் கணக்கில் எத்தனை லோடு அள்ளினோம் என்பதோடு, எங்கே கொண்டுபோய்ப் போட்டோம் என்பதும் இருக்கட்டும்.

வெளிநாட்டில் ஒரு ஏரிக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே ஈரி என்று ஒன்று. (ஈரி ஏரி என்றால் என் பேத்தி சிரிக்கிறாள்.) 2014 ஆகஸ்டில் அதன் கரையில் இருக்கும் டொலிடோ நகரில் குழாய்த் தண்ணீரில் பாசி நஞ்சு கலந்துவிட்டது. நாலைந்து லட்சம் பேரிடம் மூன்று நாள் குடிக்காதீர்கள் என்றார்கள். காய்ச்சியும் குடிக்க முடியாது, கொதிக்க வைத்தால் அந்த நஞ்சு போகாது. அப்புறம் 2016இல் இரு நாடுகளும், 2008இல் ஏரிக்குள் வந்த பாஸ்பரஸில் 40 சதவீதத்தைக் குறைப்பது என்று இலக்கு வைத்தன. அதை இன்னும் எட்டிய பாடில்லை. ஆனால் எட்டவில்லை என்று சொல்வதற்காவது அவர்களிடம் ஒரு தொடக்கப் புள்ளி இருக்கிறது. நெய்வேலி பக்கத்து வடக்குத்தில் சுத்திகரித்து வீராணம் தண்ணீரைச் சென்னை 2004 முதல் குடிக்கிறது. நமக்கு எந்த ஆண்டு தொடக்கம்?

பணம் இல்லை என்ற பேச்சை முழுசாக ஏற்க மாட்டேன். 2021 முதல் 2026 வரை 15ஆவது நிதிக்குழு கிராம ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் சுகாதாரத்துக்கும் குடிநீர், நீர் மறுசுழற்சிக்கும் என்று கட்டியே வந்தது. அதில் போட்ட உறிஞ்சுகுழிகள் இன்று எத்தனை வேலை செய்கின்றன, எத்தனை தூர்ந்து கிடக்கின்றன? பேரூராட்சிகளுக்கு ஓர் உதாரணம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழி. 2017இல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள், பக்கத்து மதுராந்தகத்துக் கழிவும் அங்கேதான் போகிறது. இரண்டு மூன்று உள்ளாட்சிகள் சேர்ந்தால் இங்கேயும் முடியும்.

விவசாயிகள் பங்கை மறைக்கவில்லை. மண் பரிசோதனை பார்க்காமல் பக்கத்து வயல்காரர் போட்டார் என்று நாங்களும் போடுகிறோம், மிச்சம் வடிகாலில் ஓடுகிறது. ஏரி வண்டலைத் திரும்ப வயலுக்கு அடித்தால் அந்தச் சத்தில் ஒரு பகுதி வீடு திரும்பும். முன்னோர் செய்ததும் அதுதான். இதையும் அந்தக் கணக்கில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 சனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் கைக்குப் பொறுப்பு போனது. நாற்காலியில் யார் இருந்தாலும் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராமசபை உண்டு. அந்த ஒரு பக்கக் கணக்கை அன்று வாசியுங்கள். கோடையில் தண்ணீர் வற்றும்போது ஒரு முறை, ஐப்பசி மழையில் ஓடைகள் இறங்கும்போது ஒரு முறை, ஏரியில் வந்து சேரும் இடத்தில் தண்ணீர் எடுத்து, அதில் எவ்வளவு சத்து இருக்கிறது என்று பாருங்கள். முதல் வருட எண் அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும், அதைத் திருத்தாமல் போடுங்கள்.

ஒரு பிரதி எங்கள் ஊராட்சிக்கும் அனுப்புங்கள். எங்கள் ஊர்ச் சாக்கடையும் எங்களுக்குக் கீழே இருப்பவர்களிடம்தான் போகிறது. அவர்களுக்கு நாங்கள் எழுத வேண்டிய கணக்கை எங்கள் கிராமசபையில் அதே நாளில் நான் கேட்பேன்.

இப்படிக்கு,
கீழ்க்கரை ஆயக்கட்டு விவசாயி ஒருவன்