கிரிட்விகெனுக்குக் கிளம்பும் மகளுக்கு

அன்புள்ள கண்மணிக்கு,

பெட்டி கட்டும் மும்முரத்தில் இருப்பாய். துணிமணிக்கும் மருந்துக்கும் அவர்களே பட்டியல் அனுப்பியிருப்பார்கள், அதில் நான் தலையிடவில்லை. கிரிட்விகென் அருங்காட்சியகத்தில் நீ செய்யப்போகும் வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நிதானமாகப் படி. கப்பலில் ஏறிய பிறகு இன்னொரு தடவை படி.

கிரிட்விகென் இருக்கும் தென் அட்லாண்டிக் தீவான சவுத் ஜார்ஜியாவில் ஊர் கிடையாது, நிரந்தரக் குடிகள் கிடையாது, விமானத்தளமும் கிடையாது. ஃபாக்லாந்து தீவுகளின் ஸ்டான்லியிலிருந்து சுமார் 1400 கிலோமீட்டரைக் கப்பலில்தான் கடக்க வேண்டும். அருங்காட்சியக ஊழியர்கள் கோடைக்கு வருவார்கள், கோடை முடிந்ததும் போய்விடுவார்கள். சில மாதங்களில் ஒருவர் கற்றுக்கொண்டது அத்தனையும் அவரோடு கப்பலேறிவிடும். அடுத்து வருகிறவர் அதே கதவின் அதே கோளாறை முதலிலிருந்து கண்டுபிடிப்பார். அதனால் அங்கே உன் முதல் வேலை எழுதிவைப்பது. 'வடக்குச் சன்னலைத் திறக்காதே' என்று மட்டும் எழுதினால் போதாது. ஏன் திறக்கக் கூடாது, திறந்த அன்று என்ன ஆயிற்று, ஈரப்பதம் எத்தனைக்குப் போயிற்று, என்ன தேதி என்று எழுது. காரணம் சொல்லாத விதியை அடுத்த வருஷம் ஒருவரும் மதிக்கமாட்டார்கள். அது அவர்கள் குற்றமும் ஆகாது.

கட்டடம் 1916-இல் கட்டியது. திமிங்கில வேட்டை நிலையத்து மேலாளரின் மரவீடு. நிலையத்தை நார்வேக்காரர் கார்ல் அன்டன் லார்சன் 1904 நவம்பரில் தொடங்கினார், வேலை 1960-களின் நடுவில் நின்றது. அருங்காட்சியகம் வந்தது 1992-இல். இப்போது சவுத் ஜார்ஜியா பாரம்பரிய அறக்கட்டளை அதை நடத்துகிறது. ஆக, நீ பாதுகாக்கப் போகும் முதல் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை, அந்த வீடுதான். மழைநீர்த் தூம்பு அடைத்தால் சுவர் நனையும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் மக்கத் தொடங்கும். ஒவ்வொரு பனிப்பொழிவுக்கும் ஒவ்வொரு பெருங்காற்றுக்கும் பிறகு வீட்டைச் சுற்றி ஒரு நடை நட. தகரத்தில் கிளம்பிய ஆணி, பெயிண்ட் உரிந்த மூலை, தரையை ஒட்டிப் பச்சை படிந்த பலகை, இவற்றைப் பார்த்ததும் குறித்துக்கொள்.

தீயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய காய்ந்த மரம், வெளியே பலத்த காற்று, தீயணைப்புப் படை என்றால் அங்கிருக்கும் நீங்களேதான். டிரில், கேமரா பேட்டரிகளை அருங்காட்சியகத்துக்குள் ராத்திரி முழுக்க சார்ஜில் விடாதே.

இனி ஈரப்பதம். இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வெளியே 2 டிகிரி குளிர், 90 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள். அதே காற்றை உள்ளே 12 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் தானாக 45-க்கு இறங்கும். மரத்துக்கும் தோலுக்கும் துணிக்கும் அது நல்ல நிலை. குளிருகிறதே என்று 18-க்கு ஏற்றினால் 31 ஆகிவிடும். மரம் சுருங்கும், திமிங்கிலப் பல்லில் கீறல் விடும். சாயங்காலம் ஹீட்டரை அணைத்துவிட்டுப் போனால் நேர்மாறு. குளிர்ந்த இரும்பின் மேல் வியர்த்துவிடும். வேலை செய்கிறவர்களின் சௌகரியத்துக்காகச் சூட்டை ஏற்றி இறக்குவதுதான் குளிர்நாட்டுச் சிறு அருங்காட்சியகங்களில் நடக்கும் பெரிய தவறு என்பது என் கணிப்பு. அறை குறைந்த சூட்டில் ஒரே சீராக இருக்கட்டும். நீ இன்னொரு கம்பளிச் சட்டை போட்டுக்கொள்.

சுற்றுலாக் கப்பல் வரும் நாளில் இந்தக் கணக்கு குலையும். ஒரு ஆள் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குச் சுமார் 50 கிராம் நீரை வெளியே விடுவார். அறுபது பேர் ஒரு மணி நேரம் நின்றால் மூன்று லிட்டர். நனைந்த கோட்டுகளின் நீர் தனிக் கணக்கு. 12 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று கொள்வது 11 கிராமுக்கும் கீழேதான். அதனால் உள்ளே இருப்பவர்களை எண்ணும் ஆள் ஒருவர் வாசலில் நிற்க வேண்டும். கோட்டுகளை வெளியிலேயே உதறச் சொல், முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல். கூட்டம் போனதும் ஈரப்பதமானியைப் பார். 65-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணம் வரும். சில மணி நேர ஏற்றத்துக்கு நீ பதற வேண்டாம். காட்சிப் பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகள் இருந்தால் அதன் நிறத்தைப் பார்த்து, 100 முதல் 110 டிகிரிச் சூட்டில் சில மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடு. நீல நிற வகையில் கோபால்ட் இருக்கும், கையுறை இல்லாமல் தொடாதே.

பொருள்களில் இரும்புதான் அதிகம் சங்கடம் தரும். ஹார்பூன், கொக்கி, சங்கிலி எல்லாம் கடலோரத்தில் கிடந்தவை, உள்ளுக்குள்ளே உப்பு ஊறியவை. மேற்பரப்பில் ஆரஞ்சு நிறத்தில் குட்டிக் குட்டி நீர்முத்துகள் தெரிந்தால் உள்ளே ஊறிய உப்பின் குளோரைடு இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். தண்ணீர் விட்டுக் கழுவாதே, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே. படம் எடு, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து. மெல்லிய தூரிகையால் உலர்ந்த துகளைத் தட்டி எடு. பிறகு அந்தப் பொருளை மற்றவற்றிலிருந்து பிரித்து வறண்ட பெட்டியில் வை. முடிவை நிபுணரிடம் விடு. பித்தளைச் சாமான்களில் மெழுகு மாதிரி பச்சையாகப் படிந்திருக்கும். பழைய எண்ணெயின் அமிலம் செம்பைத் தின்னும்போது வருவது அது. பளபளப்பாக்கும் ஆசை வேண்டாம். பாலிஷ் போடும் ஒவ்வொரு தடவையும் மேல்தோல் கொஞ்சம் போகிறது, அந்தத் தோலில்தான் வேலைக்காரர்களின் கைத்தடம் இருக்கிறது.

பழைய பாடம் செய்த பறவை, விலங்குகளை ஆர்செனிக் தடவியவை என்று நினைத்தே கையாள். நைட்ரில் கையுறை போடு, முகமூடி போடு, தூசியை வாயால் ஊதாதே. துணியிலோ தோலிலோ பூச்சி தெரிந்தால் பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 30-இல் மூன்று நாள் வை. வீட்டு உறைபெட்டியின் மைனஸ் 18-தான் கிடைத்தது என்றால் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதே. ஒரு முழு நாள் விட்டால்தான் நீர் பைக்கு வெளியே வியர்க்கும், உள்ளே பொருள் நனையாது. பல், தந்தம், கண்ணாடி, ஓவியம் எதையும் உறையவைக்காதே, வெடித்துவிடும்.

கரையில் யாராவது எதையாவது எடுத்து வந்து கொடுப்பார்கள். வாங்கிக் கையில் வைத்திருப்பதோடு முடிந்துவிடாது. எங்கே கிடந்தது, யார் எடுத்தார், என்ன தேதி என்று அப்போதே பென்சிலில் எழுதித் துண்டோடு கட்டு. ராத்திரி எழுதலாம் என்று வைத்தால் மறுநாள் அது பெயரில்லாத இரும்புத்துண்டு ஆகிவிடும். பதிவு எண்ணை நேராகப் பொருள்மேல் எழுதக் கூடாது. அசெட்டோனில் 20 சதவீதம் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற நிறமற்ற பிசினை நகப்பூச்சு மாதிரி மெல்லப் பூசு. காய்ந்ததும் அதன்மேல் மையால் எண் எழுது. அதுவும் காய்ந்த பிறகு மேல்பூச்சு. மேலே அதே அசெட்டோன் கரைசலைப் பூசினால் எண் கரைந்து இழுபடும். அதற்கு ஒயிட் ஸ்பிரிட்டில் கரையும் அதே வகைப் பிசினான பி-67. துணிக்குப் பசையே ஆகாது, பருத்தி நாடாவில் எழுதித் தைத்துவிடு.

எலியை மறக்காதே. வேட்டைக் கப்பல்களில் வந்து தீவெங்கும் பரவி, தரையில் கூடு கட்டும் பறவைகளைத் தின்று தீர்த்தவை அவை. 2011, 2013, 2015 என மூன்று கட்டமாக விஷ இரை தூவி, 2018-இல் தீவு எலியற்றதென்று அறிவித்தார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்தியதும் உன் அறக்கட்டளைதான். அருங்காட்சியகக் கடைக்கு வரும் அட்டைப்பெட்டி ஒன்றில் கருவுற்ற எலி ஒன்று ஒளிந்து வந்தால் போதும், இத்தனையும் வீண். சரக்கை மூடிய அறையில் பிரி. அட்டையில் கடித்த தடம், புழுக்கை, விதை, மண், சிலந்தி எது தெரிந்தாலும் கதவைச் சாத்திவிட்டு அரசு அதிகாரியிடம் சொல், அப்புறம் மற்றது. உன் பூட்ஸ் பள்ளங்களையும் வெல்க்ரோ பட்டைகளையும் குண்டூசியால் நோண்டிப் பார். விதைகள் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கும் கரைக்கும் நடுவில் ஃபர் சீல் என்னும் கடல்விலங்கு படுத்திருக்கும். இனப்பெருக்கக் காலமான நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை ஆண் சீல் ஒன்றும் விட்டுக்கொடுக்காது. பாய்ந்து வந்தால் ஓடாதே. கைத்தடியை நடுவில் நீட்டி நின்று, பிறகு மெல்லப் பின்வாங்கு. கடி சின்னதாகத் தெரிந்தாலும் பக்கத்து ஆய்வு நிலையமான கிங் எட்வர்ட் முனையிலிருக்கும் மருத்துவரிடம் அன்றைக்கே போ. சீல் வாயிலிருக்கும் மைகோபிளாஸ்மா கிருமிக்குப் பெனிசிலின் வேலை செய்யாது, டெட்ராசைக்ளின் வகைதான் வேண்டும். வேறு எந்த மருத்துவரிடம் பிறகு காட்டினாலும் 'சீல் கடித்தது' என்று நீயே வாய்விட்டுச் சொல்.

வருகிறவர்களிடம் பேசுவது தனிக் கலை. பெரும்பாலோர் அண்டார்க்டிகாவை ஆராய்ந்த ஷாக்கிள்டனுக்காக வருவார்கள். 1922 ஜனவரி 5 அன்று அங்கே நங்கூரமிட்ட கப்பலில் இறந்தார், கல்லறை விரிகுடாவின் மறுகரையில். கல்லறையிலிருந்து உன்னிடம் நடந்து வருவார்கள். அவர் சில தோழர்களோடு கடல் கடந்து இந்தத் தீவுக்கு வந்த ஜேம்ஸ் கேர்ட் படகைக் கூடத்தில் பார்த்து மெய்சிலிர்த்துத் தொடப் போவார்கள். அது நகல், அசல் லண்டனில் டல்விச் கல்லூரியில் இருக்கிறது என்று மறைக்காமல் சொல். நகலாக இருந்தாலும், இத்தனை சிறிய படகிலா அந்தக் கடலைக் கடந்தார்கள் என்ற வியப்பு குறையாது.

திமிங்கிலக் கதைதான் கடினம். தீவின் நிலையங்கள் எல்லாம் சேர்த்து 1904 முதல் 1965 வரை 1,75,250 திமிங்கிலங்களை அறுத்தன. தொடக்கத்தில் கொழுப்பை மட்டும் உரித்துக்கொண்டு மீதியைக் கடலில் விட்டார்கள். இந்த எண்ணைக் கேட்டு ஒருத்தி கண்கலங்கி நிற்கும்போதே, பக்கத்தில் நிற்கும் முதியவரின் அப்பா அதே தளத்தில் கத்தி பிடித்தவராக இருக்கலாம். நார்வேயிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் பிழைப்புக்கு வந்தவர்கள் அவர்கள். எண்ணைக் குறைக்காதே, மனிதர்களை இகழாதே. கருவியைக் காட்டி, அது எதற்கு, எத்தனை பேர் பிடித்தார்கள், நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று தெரிந்ததைச் சொல். தீர்ப்பைக் கேட்கிறவர்களிடம் விடு. முதியவர்கள் தாங்களாகப் பேசத் தொடங்கினால் மற்ற வேலையை விட்டுவிட்டுக் கேள், எழுதிக்கொள், அனுமதி கொடுத்தால் ஒலிப்பதிவு செய். வேட்டைத் தளத்தில் நின்றவர்கள் இனி அதிகம் பேர் இல்லை. இப்போது திமிங்கிலங்கள் திரும்பி வருகின்றன. 2020-இல் தீவைச் சுற்றி நடந்த ஆய்வில் 55 நீலத்திமிங்கிலங்களைப் பார்த்தார்கள். அதையும் சேர்த்துச் சொல்.

கப்பல் நாள் முடிந்ததும் எல்லோரும் களைத்திருப்பீர்கள். உட்காருவதற்கு முன் கடைக் கணக்கைச் சரிபார். தரையில் கொட்டிய மணலை வாக்குவம் கிளீனரைக் குறைந்த இழுவிசையில் வைத்து உறிஞ்சியெடு, துடைப்பம் போட்டால் தூசி பொருள்மேல் போய் உட்காரும். ஈரப்பதத்தைக் குறி. யார் எதைத் தட்டிவிட்டார்கள் என்பதை எழுது. யாரையும் குற்றம் சாட்டாமல் எழுது, அப்போதுதான் அடுத்தவர் மறைக்கமாட்டார். குழுவில் நான்கைந்து பேர் ஒரே முகங்களை மாதக்கணக்கில் பார்க்கிறீர்கள், சமையல் முறை, கழிப்பறை முறை இவற்றைத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். பெரிய மனத்தாங்கல்கள் பாத்திரத்தில்தான் தொடங்கும்.

ஒப்படைப்புக் குறிப்பைக் கடைசி ராத்திரிக்கு வைக்காதே. கப்பல் முன்கூட்டியே வந்துவிடும், அல்லது காற்று மாறி அரை மணியில் ஏறச் சொல்வார்கள். கிளம்பும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே எழுதி முடித்து, ஒரு தாள் பிரதியைச் சாவிக்கொத்து தொங்கும் இடத்தில் மாட்டிவிடு. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பதுதான் அதில் முதல் பக்கம்.

அன்புடன்,
அம்மா