கிட்டார் இரைச்சலுக்காக எர்த் பின்னை வெட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலெக்ட்ரிக் கிட்டாரில் எழும் இரைச்சலைப் போக்குவதற்காக ஆம்ப்ளிஃபயரின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் மேடைக் குழுக்களில் இன்னும் இருக்கிறது. சில நேரங்களில் இரைச்சல் உண்மையிலேயே அதனால் குறைந்துவிடுவதால், புதிதாக வாசிக்க வரும் பிள்ளைகள் அதையே முறையான தீர்வு என்று எடுத்துக்கொள்கிறார்கள். இசைக்கருவிகளைப் பழுதுபார்ப்பவன் என்ற முறையில், இதன் ஆபத்தையும் சரியான வழியையும் தங்கள் நாளிதழ் மூலம் தெரிவிக்க விரும்புகிறேன்.

கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தின் மேல் மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றிய சுருள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் அதே சுருள், பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், டியூப் லைட் சோக் ஆகியவற்றின் காந்தப்புலத்தையும் வாங்கிக்கொள்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது உம்மென்று ஒலிக்கிறது. இதற்காகத்தான் 1955-இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர், இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி இரண்டு சுருள்களை இணைத்த ஹம்பக்கர் பிக்கப்பை உருவாக்கினார். ஒற்றைச் சுருள் பிக்கப் வைத்திருப்பவர்கள், ஆம்ப்ளிஃபயரை விட்டுச் சற்று விலகி, பக்கவாட்டில் திரும்பி நின்றாலே வேறுபாட்டைக் கேட்கலாம்.

கிட்டாரைக் கழற்றுவதற்கு முன் காதால் சோதிக்க வேண்டும். கிட்டாரின் வால்யூமை முழுவதும் குறைத்த பிறகும் இரைச்சல் நீடித்தால், குறை பெரும்பாலும் கேபிளிலோ அதைச் செருகும் ஜாக்கிலோ ஆம்ப்ளிஃபயரிலோ இருக்கும். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் தந்தியின் எர்த் இணைப்பு நன்றாக இருக்கிறது. கிட்டாரின் உட்குழியில் செப்பு டேப் ஒட்டி, அதையும் எர்த்துடன் சேர்த்துவிட்டால் இரைச்சல் மேலும் ஓரளவு அடங்கும். தந்தியைத் தொட்டால் மாற்றமில்லாமல், ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைந்தால், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் அடியிலிருந்து வரும் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். பிரிட்ஜுக்கும் ஜாக்கின் வெளிப்பகுதிக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் ஏறக்குறைய பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஒரு சிறு சால்டரிங்கில் வேலை முடிந்துவிடும்.

குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் அது குமிழின் அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டரில் சேர்ந்த தூசி. எலெக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரைத் தெளித்துப் பலமுறை திருகினால் போதும். ஏசி அறையின் வறண்ட காற்றில், கிட்டாரின் முகப்பிலுள்ள பிளாஸ்டிக் தகட்டின் மேல் விரல் உரசும்போது சடசடவென்று கேட்பது நிலைமின்சாரம். இதைப் பலர் பிக்கப் பழுது என்று எண்ணி வீண் செலவு செய்கிறார்கள். தகட்டின் அடிப்புறத்தில் செப்பு டேப் ஒட்டி எர்த்தில் இணைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இவற்றில் எதற்கும் எர்த் பின்னைத் தொட வேண்டிய தேவையே இல்லை. கிட்டாரின் தந்தி, கேபிளின் வெளிவலை வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கிறது. எர்த் இல்லாத நிலையில் உள்ளே ஏதோ ஒரு பழுதால் 230 வோல்ட் அந்தச் சட்டத்துக்கு வந்துவிட்டால், அது வாசிப்பவரின் விரல் வரை வரும். அவர் உதடு வேறு இணைப்பில் எர்த் ஆகியிருக்கும் மைக்கில் படும்போது மின்சாரம் மார்பின் குறுக்கே பாயும். 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்சி நகர மேடையில் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, கிட்டாரும் கையுமாக, மின்கசிவு இருந்த மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். நம் மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பதே, அது முதலில் இணைந்து கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகத்தான்.

இரண்டு கருவிகளை வெவ்வேறு பிளக் பாயிண்டுகளில் இணைப்பதால் வரும் இரைச்சலுக்கும் வழி உண்டு. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குக் கொண்டுவரலாம், அல்லது கிட்டாரின் ஒலிக்குறிகையின் எர்த்தை மட்டும் பிரிக்கும் டிஐ பாக்ஸைப் பயன்படுத்தலாம். மண்டபங்களை வாடகைக்கு விடுபவர்கள் மேடையின் பிளக் பாயிண்டுகளில் எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்து ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்த்து, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் பொருத்த வேண்டும். ஒலிபெருக்கி அமைப்பவர்கள் எர்த் பின் இல்லாத ஒயர்களை மேடைக்கே கொண்டுவரக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இசைக்கருவி பழுதுபார்ப்பவர்,
திருச்சி.