இரண்டு மணி நேரத்தில் கரைந்துபோகும் வழக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடித்துவிட்டு வண்டி ஓட்டி உயிரைப் பறிப்பவர்களுக்குச் சட்டத்தில் தண்டனை போதாது என்ற குரல் ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பின்னும் எழுகிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி நீதிமன்றங்களில் விபத்து வழக்குகளை நடத்துகிறவர்கள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்தாண்டுச் சிறைக்கு இன்றைய சட்டத்திலேயே வழி இருக்கிறது. வழக்குதான் அதுவரை போய்ச் சேருவதில்லை. ஓட்டுநரின் கையிலிருந்து எடுக்க வேண்டிய சில மில்லி ரத்தத்தை உரிய நேரத்தில் எடுக்காமல் விடுவதே அதற்கு முதல் காரணம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு, குடித்துவிட்டு ஓட்டியதற்கு மட்டுமான தண்டனையைச் சொல்கிறது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். குற்றம் உறுதியானால் குறைந்தது ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியிழப்புக்கு நீதிமன்றம் உத்தரவிட்டே ஆக வேண்டும் என்று 20ஆவது பிரிவு சொல்கிறது. அபராதம் கட்டிவிட்டு அன்று மாலையே வண்டியை எடுப்பவர்கள் பலருக்கு இது தெரியாது.

உயிர் போயிருந்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா வருகிறது. 1.7.2024 முதல், அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்கான பழைய 304ஏ பிரிவின் இடத்தில் 106(1) இருக்கிறது. இரண்டு ஆண்டாக இருந்த உச்ச தண்டனை ஐந்து ஆண்டு ஆகியிருக்கிறது. ஆனாலும் இது ஜாமீனில் விடத்தக்க குற்றம்தான். காவல் நிலையத்திலேயே ஜாமீன் கிடைத்துவிடும். அடுத்தது 105ஆவது பிரிவு, கொலைக்குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல். இறப்பு நேரக்கூடும் என்று தெரிந்தே செய்திருந்தால் பத்தாண்டு வரை சிறை. இதில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, விசாரணை செஷன்ஸ் நீதிமன்றத்தில் நடக்கும்.

குடித்து ஓட்டியவர் மீது இந்தப் பெரிய பிரிவு நிற்குமா என்று கேட்பவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 2012இலேயே பதில் சொல்லிவிட்டது. மும்பை பாந்த்ராவில் 2006 நவம்பரில் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள் மீது கார் ஏறி ஏழு பேர் இறந்தார்கள். விசாரணை நீதிமன்றம் 304ஏ பிரிவில் ஆறு மாதம் கொடுத்தது. உயர் நீதிமன்றம் அதை, இன்றைய 105க்கு முன்னோடியான 304 இரண்டாம் பகுதிக்கு மாற்றி மூன்று ஆண்டாக்கியது, உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த வழக்கைத் தாங்கி நின்றவற்றில் முக்கியமானது ஓர் எண்: ஓட்டுநரின் ரத்தத்தில் 0.112 சதவீதம், அதாவது 100 மி.லி.யில் 112 மி.கி. மது. சட்டம் அனுமதிப்பது 30 மி.கி. மட்டுமே. டெல்லியில் 1999இல் ஆறு பேர் இறந்த பி.எம்.டபிள்யூ. கார் வழக்கிலும் அதே ஆண்டில் அதே பிரிவுதான் பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது.

30 மி.கி.யைத் தாண்டினாலே 105 ஆகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எவ்வளவு குடித்திருந்தார், என்ன வேகம், ஆட்கள் இருக்கும் இடம் என்று தெரிந்தே ஓட்டினாரா, கூட வந்தவர்கள் தடுத்தார்களா என்று நீதிமன்றம் பார்க்கும். ஆனால் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் முன்னால் நிற்பது அந்த எண். அது இல்லாவிட்டால் அரசுத் தரப்பு 105ஐ நிலைநாட்டுவது மிகக் கடினம்.

இனி, அந்த எண் எப்படித் தொலைகிறது என்று பார்ப்போம். உடலில் மது மணிக்கு ஏறத்தாழ 15 மி.கி. வீதம் குறைகிறது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். இரவு பத்து மணிக்கு விபத்து நடக்கும்போது 75 மி.கி. இருந்தவருக்கு ஒரு மணிக்கு ரத்தம் எடுத்தால் 30தான் வரும். சட்டப்படி அவர் வரம்புக்குள் வந்துவிட்டார். காலை ஏழு மணிக்கு எடுத்தால் ஒன்றுமே இராது. பின்னோக்கிக் கணக்குப் போட்டு விபத்து நேரத்து அளவைச் சொல்லலாம்தான். கடைசியாக எப்போது குடித்தார், என்ன சாப்பிட்டார் என்ற குறுக்கு விசாரணையில் அந்தக் கணக்கு உடைந்துபோகும். 185இல் கைது செய்தவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையேல் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 202ஆவது பிரிவு சொல்வதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ரத்தம் எடுக்கும் முறையிலேயே பல வழக்குகள் தோற்கின்றன. ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும், ‘அந்த ஸ்பிரிட்தான் ரத்தத்தில் தெரிகிறது’ என்று எதிர்த்தரப்பு வாதாடும். சோப்புத் தண்ணீரோ மது கலவாத கிருமிநாசினியோதான் பயன்படுத்த வேண்டும். ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் பிடிக்கக் கூடாது. சோடியம் புளோரைடு போட்ட சாம்பல் நிற மூடிக் குழாய் வேண்டும். அந்த மருந்து இல்லையென்றால் ஆய்வகத்துக்குப் போகும் நாட்களில் ரத்தம் கெட்டு மதுவின் அளவு கூடலாம், குறையலாம். குழாயை அரைகுறையாக நிரப்பினால் மேலே உள்ள காற்றிடத்துக்கு மது ஆவியாகிப் போகும். குளுக்கோஸ் ஏறும் கையில் எடுத்தால் அளவு நீர்த்துக் காட்டும், மறு கையில் எடுக்க வேண்டும். எடுத்த மணி நிமிடம், எடுத்தவர் கையெழுத்து, சீல், குளிர்பதனப் பெட்டி, ஆய்வகம் சேரும்வரை யார் கையில் இருந்தது என்ற பதிவு, இவற்றில் ஒன்று விடுபட்டாலும் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான்.

மருத்துவர் தரும் சான்றிதழ் இன்னொரு ஓட்டை. ‘மது அருந்தியிருக்கிறார், போதையில் இல்லை’ என்ற வாசகம் நம் ஊர்ச் சான்றிதழ்களில் பழகிப்போன ஒன்று. 185ஆவது பிரிவு மதுவைப் பொறுத்தவரை போதையைக் கேட்கவில்லை, அளவைக் கேட்கிறது. வாயில் வாடை, தள்ளாடும் நடை, விரிந்த கண்மணி, இவற்றை மட்டும் வைத்துக் குடித்ததாகத் தீர்மானிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971லேயே ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே வாடையை எழுதிவிட்டு ரத்தம் எடுக்காமல் விட்ட சான்றிதழ் குற்றவாளிக்குத்தான் துணை.

ஊதும் கருவிக்கும் முறை உண்டு. கடைசி மிடறு குடித்து 15 நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லையேல் வாயில் தங்கிய மது அளவைக் கூட்டிக் காட்டும். ஆளுக்கொரு புது ஊதுகுழல், ஊதுமுன் கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்ற சோதனை, நேரத்தோடு கூடிய அச்சுச் சீட்டு, கருவியின் அளவீட்டுச் சான்று நடப்பில் இருப்பது, இவ்வளவும் வேண்டும். நெஞ்சில் அடிபட்ட ஓட்டுநரால் ஊத முடியாது. அங்கே நேரத்தை வீணாக்காமல் நேரே ரத்தத்துக்குப் போக வேண்டும். அவர் உள்நோயாளியாக இருந்தால் சிகிச்சை தரும் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். கைதான பின் மறுப்பவரிடம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஆவது பிரிவின் கீழ், காவல் அதிகாரியின் கோரிக்கையில் மருத்துவர் நியாயமான பலத்தைப் பயன்படுத்தி ரத்தம் எடுக்கலாம். மறுத்ததையே அரசுத் தரப்புக்கு ஆதரவான சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ள மோட்டார் வாகனச் சட்டத்தின் 205ஆவது பிரிவு இடம் தருகிறது. ‘மறுத்துவிட்டார்’ என்று எழுதி அத்தோடு ஃபைலை மூடுவதற்குச் சட்டத்தில் காரணமே இல்லை.

தப்பி ஓடுகிறவர்களின் கதைதான் எங்களை அதிகம் வருத்துகிறது. நின்று காயம்பட்டவரைத் தூக்குகிறவர் ஊத வேண்டியிருக்கிறது. ஓடிப்போய் ஒரு ராத்திரி தூங்கி மறுநாள் சரணடைகிறவர் சுத்தமான ரத்தத்தோடு வருகிறார். சொல்லாமல் ஓடுபவருக்குப் பத்தாண்டு வரை தண்டனை என்ற 106(2) உட்பிரிவு, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, சட்டம் அமலுக்கு வந்தபோது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. கூட்டம் அடித்துக் கொன்றுவிடும் என்ற ஓட்டுநர்களின் பயம் பொய்யில்லை. ஆனால் இடத்தை விட்டு விலகி நேரே அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போனாலே அந்த உட்பிரிவு தொடாது. அந்த வேறுபாட்டை ஓட்டுநர் சங்கங்களிடம் தெளிவாக எடுத்துச் சொல்லி அதை நடைமுறைப்படுத்தலாம்.

அதுவரை, ஓடியவர் குடித்திருந்தாரா என்பதற்குச் சுற்றுச் சாட்சியம்தான் துணை. டாஸ்மாக் பார், தாபா, எல்லை தாண்டி அத்திப்பள்ளி மதுக்கடை, எங்கே பணம் கட்டியிருந்தாலும் யு.பி.ஐ. பதிவில் மணி நிமிடம் இருக்கும். கிருஷ்ணகிரி, பாளையம் சுங்கச்சாவடிகளில் பாஸ்டேக் பதிவும் கேமராவும் இருக்கின்றன. யார் ஸ்டியரிங்கில் இருந்தார் என்று அந்தப் படமே சொல்லிவிடும், வேறோர் ஆளை ஓட்டுநராக நிறுத்துவதும் அதில் அடிபட்டுப் போகும். ஆனால் கேமராப் பதிவின் மேல் புதுப்பதிவு ஏறிக்கொண்டே இருக்கும். முதல் வாரத்துக்குள் எழுத்தில் கேட்டு, பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றோடு வாங்கிவைக்க வேண்டும்.

தொப்பூர் கணவாயில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே எந்த விபத்தானாலும் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்ற ஒற்றைச் சொல் முன்னால் வந்து நிற்கிறது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவதும், அதிகச் சுமையும், இறக்கமும் உண்மையான காரணங்கள்தான். அதனாலேயே ஓட்டுநரைச் சோதிக்கத் தோன்றாமல் போகிறது. மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக் சரியாக இருந்தது என்று பின்னாளில் அறிக்கை தரும்போது ரத்தம் எடுக்கும் நேரம் எப்போதோ கடந்திருக்கும். காரணம் எதுவாகத் தோன்றினாலும் உயிர் போன ஒவ்வொரு விபத்திலும் ஓட்டுநரின் ரத்தம் எடுக்கப்பட வேண்டும். குடிக்காத ஓட்டுநருக்கும் அதுதான் பாதுகாப்பு.

இறந்தவர் வீட்டாருக்கு: முதல் தகவல் அறிக்கையின் நகல் பாதிக்கப்பட்டவர் தரப்புக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். ஓட்டுநருக்கு ரத்தம் எடுக்கப்பட்டதா, எத்தனை மணிக்கு என்று அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். ஆய்வக அறிக்கை வந்த பிறகு, 106இல் பதிவான வழக்கை 105க்கு மாற்றும்படி விசாரணை அதிகாரிக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் மனு கொடுக்கலாம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிப்பது காவல்துறையின் கடமை.

‘குடி விஷயத்தைக் கிளறாதீர்கள், இன்சூரன்ஸ் பணம் கிடைக்காது’ என்று யாராவது சொன்னால் நம்பி வாயை மூடிக்கொள்ளாதீர்கள். ஓட்டுநர் குடித்திருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் அதை எதிர்வாதமாக வைக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்வது உண்மை. ஆனால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிட்டு வருகின்றன. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டுவிடுங்கள். மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டால், மத்திய அரசின் 2022 இழப்பீட்டுத் திட்டத்தின்படி இறப்புக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. அதற்குக் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

இரு மாவட்ட நிர்வாகங்களிடமும் எங்கள் கோரிக்கை இதுதான். அரூர், பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை, ஓசூர் உட்பட எல்லா அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுகளிலும் சாம்பல் மூடிக் குழாய், சீல், படிவம் அடங்கிய பை இரவும் பகலும் தயாராக இருக்க வேண்டும். ஆட்சியர் தலைமையில் கூடும் சாலைப் பாதுகாப்புக் குழுவில், உயிர் போன ஒவ்வொரு விபத்துக்கும் நேரே இரண்டு மணிகள் எழுதப்பட வேண்டும்: விபத்து நடந்தது எத்தனை மணிக்கு, ஓட்டுநருக்கு ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு. இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால், ஏன் என்பதற்கு அந்தக் கூட்டத்திலேயே பதில் வர வேண்டும்.

இப்படிக்கு,
சாலை விபத்து வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள் சிலர்,
தருமபுரி.