மேனேஜர் கிளம்பும்வரை ஏன் உட்கார வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் கடிதம் பார்த்தேன். இப்போது வங்கி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை, நேரம் ஆனதும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், எங்கள் காலத்தில் ராத்திரி ஒன்பது வரை உட்கார்ந்து கணக்குப் புத்தகங்களை ஒத்துப் பார்த்து லெட்ஜர் டாலி செய்தோம் என்று ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். நானும் அந்தக் காலத்து ஆள்தான். 1988-இல் பரீட்சை எழுதி கிளார்க்காகச் சேர்ந்து, இப்போது கும்பகோணம் பக்கம் ஓர் அரசு வங்கிக் கிளையில் அதிகாரியாக இருக்கிறேன், இன்னும் ஏழு மாதத்தில் ரிட்டயர்மெண்ட். நண்பர் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அன்று ஒன்பது வரை உட்கார்ந்ததற்கு ஓவர்டைம் கொடுத்தார்கள் சார்! அரையாண்டுக் கணக்கு முடிக்கிற நாட்களில் டிபன், காபி வேறு. எங்கள் வீட்டு முதல் மிக்ஸி அந்தப் பணத்தில் வாங்கியதுதான்.

எங்கள் கிளையில் தருமபுரிப் பக்கமிருந்து வந்த ஒரு பெண் கேஷ் கவுண்டரில் இருக்கிறார், வயது 26. சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஐந்தரைக்குக் கிளம்பினார். "மேனேஜர் இன்னும் உள்ளே இருக்காரேம்மா" என்றேன். "என் கேஷ் டாலி ஆயிடுச்சு சார், உள்ளே வெச்சாச்சு. அவர் இருக்கிறதுக்கும் நான் உட்கார்றதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். எதிர்த்துப் பேசவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தும் வரவில்லை.

இதைக் குணக்கோளாறு என்று நான் நினைக்கவில்லை. 90-களில் அரசு வங்கிகளில் ஆள் எடுப்பது அநேகமாக நின்றுபோனது. 2000-01-இல் வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வுத் திட்டம் வந்து சுமார் ஒரு லட்சம் பேர் வெளியே போனார்கள். மறுபடி பெரிய அளவில் ஆள் எடுக்கப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது, அரசு வங்கிகளுக்குச் சேர்த்து ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். பொதுத் தேர்வே 2011-இல்தான் வந்தது. இதன் விளைவு, எங்கள் கிளையில் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள் மூன்று பேர், முப்பத்தைந்துக்குக் கீழே ஆறு பேர், நடுவில் ஒருவர்கூட இல்லை. அப்பா அம்மா வெளியூர் போய்விட்ட வீட்டில் தாத்தாவும் பேத்தியும் நேருக்கு நேர் உட்கார்ந்திருப்பது மாதிரி.

நடுவில் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நான் சேர்ந்து கொஞ்ச நாளில் கணக்கைப் பதிந்து கூட்டல் போடும் லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தது. எங்கள் ஹெட் கிளார்க் அது போட்ட கூட்டலைப் பென்சிலால் திரும்பக் கூட்டிப் பார்ப்பார், நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். எங்களைவிடப் பத்து வயது மூத்த ஒருவர் தனியே கூப்பிட்டு, "ஒரு கூட்டல் தப்பிலே அவருக்கு இன்க்ரிமென்ட் போனது உனக்குத் தெரியுமாடா?" என்றார். அதோடு சிரிப்பு நின்றது. இன்றைக்கு அப்படிக் கூப்பிட்டுச் சொல்ல யாரும் இல்லை, நானே என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். மாதம் பிறந்தால் சில வயதானவர்கள் பத்தாம் தேதிக்குள் பணம் கட்ட அடித்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள், ஏன் என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. 2010 ஏப்ரலுக்கு முன்னால் சேமிப்புக் கணக்கில் பத்தாம் தேதியிலிருந்து மாதக் கடைசிவரை உள்ள குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி, இப்போது தினசரி இருப்புக்கு என்று சொன்னேன். இப்போது அவரே ஒவ்வொரு பாட்டிக்கும் பொறுமையாக எடுத்துச் சொல்கிறார். பாட்டிகள் தலையாட்டிவிட்டு அடுத்த மாதமும் ஒன்பதாம் தேதி வந்து நிற்கிறார்கள், அது வேறு விஷயம்.

அவரிடம் நான் கற்றதும் உண்டு. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், முப்பது வருஷமாக எங்கள் வாடிக்கையாளர், பிக்சட் டெபாசிட்டை உடைத்து எட்டரை லட்சத்தை வேறு வங்கிக் கணக்குக்கு உடனே அனுப்பும் ஆர்.டி.ஜி.எஸ். செய்ய வந்தார். மகளுக்கு அவசரம் என்றார். தெரிந்த மனிதர், நானே ஃபாரம் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் என் பக்கம் குனிந்து, "சார், அவர் சட்டைப் பையிலே போன் ஓடிட்டே இருக்கு" என்றார். அப்புறம் ஒரு சலானின் பின்பக்கம், 'போலீஸ் என்று யாராவது பேசுகிறார்களா? பேச வேண்டாம், தலையை மட்டும் ஆட்டுங்கள்' என்று எழுதி நீட்டினார். வாத்தியார் படித்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஆட்டினார். டிஜிட்டல் அரெஸ்ட்! சி.பி.ஐ. என்று சொல்லி மூன்று நாளாக மனிதரை வீட்டிலேயே வீடியோ முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். போனை வாங்கி அணைத்துவிட்டு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட்டோம். என் முப்பது வருஷப் பழக்கம் அன்று அவர் பணத்தை அனுப்பியே வைத்திருக்கும்.

இன்னொன்று, இதை யாரும் பேசுவதில்லை. எனக்குக் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை ஒட்டி ஆயுசு பூராவும் பென்ஷன், எனக்குப் பிறகு வீட்டம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம். 2010 ஏப்ரலிலிருந்து சேர்ந்தவர்களுக்கு என்.பி.எஸ்., சம்பளத்தில் பிடித்து முதலீடு செய்யும் ஓய்வூதியத் திட்டம், மார்க்கெட் எப்படியோ அப்படி. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டில் பேச்சு இதில் வந்து நின்றது. "அப்போ நீங்க ராத்திரி உட்கார்ந்ததுக்கு ஒரு கணக்கு இருக்கு சார்" என்றார் அந்தப் பெண், மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே. இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு விசுவாசம் பற்றி அவர்களுக்குப் பாடம் நடத்த எனக்கு வாய் வரவில்லை.

ரிட்டயர் ஆகிறவர்களுக்குச் சால்வை போட்டு அனுப்புகிறார்கள், நல்லது. அதற்கு முன் ஒரு இரண்டு மாதமாவது கவுண்டர் வேலையைக் குறைத்து இளையவர்களோடு சேர்த்து உட்கார வைக்கலாம். நகைக் கடனில் கல் எடை கழிப்பதையும், இறந்தவர் கணக்கில் வாரிசுகள் சண்டையோடு வந்தால் எப்படிப் பேசுவது என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்வார்கள். எங்களுக்குத் தெரியாதது அதைவிட அதிகம். நிர்வாகங்கள் இதை யோசிக்க வேண்டும்.

கடிதம் எழுதிய நண்பர் ஒரு நாள் எங்கள் கிளைக்கு வரட்டும், காபி என் செலவு. நாலு மணிவாக்கில் வந்தால் நல்லது. ஐந்தரைக்கு மேல் அந்தப் பெண் இருக்க மாட்டார்.

இப்படிக்கு,
ஒரு வங்கி அதிகாரி,
கும்பகோணம்