தண்டல் எழுதித் தந்த இடம்

மும்பை சசூன் டாக் மீன் துறைமுகத்தில் கைகொடுத்த எல்லோருக்கும்,

போன மாதம் அதிகாலையில் நான் ஒரு மீனின் வாலைத் தேடிக்கொண்டு நின்றதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு முதல் நன்றி. யாரோ பாதியை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். சூரிய மீனுக்கு வாலே கிடையாது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

விடியும் முன்பே போன் போட்டு எழுப்பியவர், அங்கே பெட்டி தூக்கும் தூத்துக்குடி அண்ணன். "தம்பி, இந்த மாதிரி ஒண்ணு நான் பார்த்ததே இல்ல, ஓடி வா" என்றார். தாராவியிலிருந்து நான் போய்ச் சேரும்வரை ஐஸைக் கொட்டி மூடி, யாரையும் தொடவிடாமல் காவல் நின்றார் கோலி மவுஷி, மும்பை மீனவச் சமூகத்து அத்தை. பணம் வேண்டாம், போட்டோ பிரிண்ட் போட்டுக் கொடு என்றார். மவுஷி, பிரிண்ட் வந்துவிட்டது.

டேப் கொடுத்த எங்கள் தெரு தையல்கார மாமாவுக்கும் நன்றி. 60 அங்குலம் போதவில்லை. முடிந்த இடத்தில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பிடித்தோம். மீன் வாடை போகவே மாட்டேன் என்கிறது. புதுசு வாங்கித் தருகிறேன், மாமா.

பெயர் சொன்னவர் ஆய்வாளர் அக்கா. பின்னோரத்தின் நடுவே கூராக நீட்டியிருந்த முனையைப் படத்தில் பார்த்ததும், "இது சாதாரண சூரிய மீன் இல்லை, மாஸ்டுரஸ் லான்சியோலாட்டஸ்" என்றார். மொரீஷியஸ் மீனை வைத்து 1840-ல் பெயரிட்ட இனமாம். மீனைக் கெடாமல் வைக்க ஃபார்மலின் பாட்டிலோடு நின்ற எனக்குத் திட்டும் கிடைத்தது: அதில் போட்டால் டி.என்.ஏ. கெட்டுவிடும், தசைத் துண்டை எத்தனாலில் போட வேண்டும்.

ஆனால் பெரிய நன்றி, அந்த மீனைப் பிடித்த படகை நடத்தும் தண்டலுக்குத்தான். இங்கே தாண்டேல் என்கிறார்கள். நம்மூர்த் தோணித் தண்டலேதான். சசூன் டாக்கில் இறங்கிவிட்டதால் ஒரு மீன் மும்பை மீனாகிவிடாது. ரத்னகிரிப் பக்கம் வலை போட்ட படகும் இங்கே வந்து இறக்கலாம். பிடித்த இடம் தெரியாவிட்டால் என் படமும் அளவும் வெறும் வேடிக்கை. வலையில் இது ஏறியதுமே ஜி.பி.எஸ்ஸில் புள்ளி குத்தி வைத்திருந்தார் அவர். ஆனால் மீன் கிடைக்கும் இடத்தை முன்பின் தெரியாதவனுக்கு எந்தத் தண்டல் சொல்வார்? அது அவர் பிழைப்பு. டீ ஆறும்வரை யோசித்தார். பிறகு என் நோட்டை வாங்கி, அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம் மூன்றையும் தன் கையாலேயே எழுதித் தந்தார்.

மீன் இனங்களைக் குறித்துவைக்கும் எங்கள் சிறு குழுவின் பட்டியலில் இந்த இனத்துக்கு அதுதான் முதல் பதிவு. தாண்டேல், வெளியே காட்டும் பட்டியலில் அந்த ரேகைகளின் கடைசி எண்களை மறைத்துவிட்டோம், நீங்கள் கேட்டபடியே.

அன்புடன்,
தாராவித் தம்பி