பந்தயத்தில் தோற்றவன் எழுதுவது

அன்புள்ள சேது,

எட்டு மாதமாக நான் எழுதவில்லை. திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லாரும் சுகம். எனக்கு முட்டிவலி, பெரியவளுக்குத் திருச்சியில் வேலை. சேதி அவ்வளவுதான்.

இப்போது எழுதுவது தோல்வியை ஒப்புக்கொள்ள. உங்கள் முற்றத்துச் செடி ஸ்பைடர் லில்லி இல்லை. நீ சொன்ன விஷமூங்கிலேதான். உன் அம்மா கொடுத்தனுப்பிய கிழங்கு ஆடியில் முதல்முறையாகப் பூத்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்பைடர் லில்லியில் மகரந்தத் தாள்களின் அடியைச் சேர்த்துக் கிண்ணம் மாதிரி வெள்ளைச் சவ்வு இருக்கும். இதில் அது இல்லை, ஆறு தாளும் தனித்தனியாக, கத்தரிக்காய் நிறத்தில் நிற்கின்றன. ஸ்பைடர் லில்லி அமெரிக்கச் சரக்கு, இது நம் கடலோரத்துச் செடி. இரண்டும் அமரில்லிஸ் குடும்பம்தான், ஆகவே எனக்குப் பாதி மார்க் போடு. 1991-இல் வைத்த ஐம்பது ரூபாய்க்கு வட்டி கேட்காதே, மோட்டார் மாமா மாதிரி.

வாசனை பகலில் சும்மா பெயருக்குத்தான். இருட்டியதும் தெருவாசல் வரை வருகிறது. அதற்கு மயங்கிப் பெரிய அந்துப்பூச்சி ஒன்று வந்து, பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றே தேன் குடித்துவிட்டுப் போனது. அப்புறம் கருப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்த புழுக்கள் வந்து இலையை அரித்துத் தள்ளிவிட்டன. பக்கத்துக் கிழங்கை வெங்காயம் என்று நறுக்கப் போன என் தங்கையை இன்னும் வீட்டில் கேலி செய்கிறோம். நறுக்கி உள்ளே போயிருந்தால் வாந்தியில் முடிந்திருக்கும். லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது அதில்.

ஆனால் உனக்குச் சொல்ல வேண்டியது விதை. காயை உடைத்துக் குண்டு குண்டாக மூன்று எடுத்து மேஜையில், பழைய காலண்டர் மேல் போட்டேன். மறந்தும்போனேன். மண் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒருநாள் பார்த்தால் ஒன்றில் வெள்ளையாக முளை, செவ்வாய்க்கிழமைக் கட்டத்தைத் தாண்டி நீண்டு கிடக்கிறது! தண்ணீரும் சோறும் விதைக்குள்ளேயே கட்டிக்கொண்டு வருகிறதாம். மேலே தக்கை மாதிரி இருப்பதால் கடலில் மிதந்துபோய் வேறு கரையில் ஒதுங்கியும் முளைக்கும்.

சேது, அம்மா காரியத்துக்குப் பஸ் கிடைக்கவில்லை என்றேனே, அது பொய். பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். அம்மா இல்லாத அந்த முற்றத்தில் வந்து நிற்கத் தைரியம் வரவில்லை.

முற்றத்துச் செடியையும் வீட்டோடு சேர்த்து விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். முளைத்ததை நியூஸ்பேப்பரில் சுருட்டி கூரியரில் அனுப்புகிறேன். உன் நாய் எதையும் கடிக்கிற ஜாதி, மொட்டைமாடியில் வை.

உன்
ராமு